முகவரி யாருடையது?

நான் பணியாற்றும் நிதி நிறுவனத்தில் சென்ற மாதம் ஒரு கூட்டம். பதினாறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கடன் மேலாண்மை மென்பொருளைச் சேவைகள் எனப்படும் தனித்தனி நிரல்களாகப் பிரிப்பது என்று மேலிடத்தில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எத்தனை சேவைகள், எந்த கிளவுட், எத்தனை மாதங்கள் என்பவைதான் அன்றைய பேச்சு. வெள்ளைப் பலகையில் சேவைக்கு ஒன்றாக முப்பத்தெட்டுக் கட்டங்கள் வரைந்திருந்தார்கள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: வாடிக்கையாளரின் முகவரி இவற்றில் யாருடையது? கடன் வழங்கும் பிரிவினர் தங்களுடையது என்றார்கள். வெயிலில் அலைந்து வீட்டைக் கண்டுபிடிப்பது நாங்கள்தானே என்று வசூல் பிரிவினர் கேட்டார்கள். ஆதாரில் எது இருக்கிறதோ அதுதான் முகவரி, மற்றதெல்லாம் குறிப்பு என்றார் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு பார்ப்பவர். அரை மணி நேரம் போயிற்று. முப்பத்தெட்டில் எந்தக் கட்டத்திலும் முகவரி ஏறவில்லை.

பெருநிறுவன மென்பொருளில் சேவை சார்ந்த கட்டமைப்பைக் கைக்கொள்வது பற்றி எனக்குள்ள கருத்து முழுவதும் அந்த அரை மணி நேரத்துக்குள் அடக்கம். தரவுக்கு உரிமையாளர் யார் என்பதைத் தீர்த்துக்கொள்ளாமல் நிரலை மட்டும் பிரிக்கும் நிறுவனம், பழைய சிக்கலை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குமேல் ஒரு புதுச் செலவையும் ஏற்றிக்கொள்கிறது. உரிமையைத் தீர்த்துக்கொண்ட நிறுவனம் எந்தத் தொழில்நுட்பத்தில் பிரித்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. இதை நான் 2007-இல் அடிபட்டுக் கற்றேன்.

துறைக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகச் சில வரிகள். ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒரே பெரிய நிரலும் அதன் அடியில் ஒரே தரவுத்தளமும் பார்த்துக்கொள்வது பழைய வழி. ஒவ்வொரு தொழில்வேலைக்கும் தனியாக இயங்கும் ஒரு நிரல், அதனிடம் பிறர் கேட்டுப் பெறுவதற்கு வெளிப்படையாக எழுதிவைத்த ஓர் ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை என்பது சேவை வழி. ‘சேவை சார்ந்த கட்டமைப்பு’ என்ற பெயரில் இதைப் பேசத் தொடங்கியது 1996-இல் கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் ராய் ஷூல்ட்டும் யெஃபிம் நாட்டிஸும் எழுதிய ஆய்வறிக்கை. தரவை எழுதும் வடிவமாக 1998-இல் எக்ஸ்எம்எல், சேவைகளுக்கிடையே செய்தி அனுப்பும் முறையாக 2000-இல் சோப் (SOAP), சேவையின் ஒப்பந்தத்தை எழுதும் மொழியாக 2001-இல் டபிள்யூஎஸ்டிஎல் என்று அடுத்தடுத்து வந்ததும், கருத்தாக இருந்தது சந்தைச் சரக்காயிற்று. உலகில் உள்ள எல்லா நிறுவனங்களின் சேவைகளையும் ஒரே பதிவேட்டில் தேடிப் பிடிக்கலாம் என்று யுடிடிஐ என்ற ஒன்றை ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா ஆகியவை 2000-இல் கொண்டுவந்தன; அந்தப் பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. முன்பின் தெரியாத நிறுவனத்தின் சேவையை ஒரு நிரல் தானாகத் தேடிப்போய்ப் பயன்படுத்திக்கொள்ளும் என்று அன்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம் என்பதை இன்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. தொழிலில் ஒருவரோடு ஒருவர் சேர்வதற்கு முன் விலையும் பொறுப்பும் வழக்கு எந்த ஊரில் என்பதும் பேசி முடிக்கவேண்டியவை என்பது நினைவுக்கு வராமல் போயிற்று.

2007-க்கு வருகிறேன். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காகச் சென்னையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தோம். அவர்களிடம் நான்கு மென்பொருள்கள்: பாலிசி நிர்வாகம் மெயின்பிரேம் என்ற பெருங்கணினியில், கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழியில்; பிரீமியம் வசூல் வேறொன்றில், இழப்பீட்டுக் கோரிக்கை மூன்றாவதில், முகவர் கமிஷன் நான்காவதில். நான்கிலும் தனித்தனி வாடிக்கையாளர் பட்டியல். வீடு மாறியவர் தொலைபேசியில் அழைத்து முகவரியை மாற்றுவார்; பிரீமியம் அறிவிப்பு பழைய வீட்டுக்குப் போகும்; பணம் கட்டாமல் பாலிசி காலாவதியாகும்; சண்டை வரும். ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறவேண்டும் என்பதே நிர்வாகம் கேட்டது. நியாயமான கோரிக்கை.

அதற்கு அவர்கள் வாங்கியது எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் என்ற ஓர் இடைநிலை மென்பொருள். எல்லா மென்பொருள்களும் இந்தப் பஸ்ஸோடு மட்டுமே பேசும், யார் யாரிடம் பேசவேண்டும் என்பதைப் பஸ் பார்த்துக்கொள்ளும் என்பது விற்பனையாளர் காட்டிய படம். படத்தில் நடுவே ஒரு தடித்த கோடு, மேலும் கீழும் கட்டங்கள். உண்மையில் மிக அழகான படம். பஸ்ஸுக்கென்று பதினான்கு பேர் கொண்ட ஓர் அணியும் அமைந்தது. நான்கு மென்பொருள்களுக்கும் பொதுவாக, ‘வாடிக்கையாளர்’ என்றால் என்ன என்று ஒரே வரையறை எழுத ஒரு குழு போட்டார்கள். எட்டு மாதங்கள் கூடிக் கூடிக் கலைந்த அந்தக் குழுவில் கடைசி நாற்காலியில் நானும் இருந்தேன். இழப்பீட்டுப் பிரிவுக்கு வாடிக்கையாளர் என்பவர் விபத்தில் அடிபட்டவர். அவருக்குப் பாலிசியே இல்லாமல் இருக்கலாம். முகவர் பிரிவுக்கு இனிமேல் வாங்கப்போகிறவரும் வாடிக்கையாளர். வசூல் பிரிவுக்குப் பணம் கட்டுபவர், பல நேரங்களில் அவர் வேலை செய்யும் கம்பெனி. மூன்று வெவ்வேறு ஆட்களை ஒரே சொல்லால் அழைத்து வந்திருக்கிறார்கள் என்பதுதான் எட்டு மாத உழைப்பின் கண்டுபிடிப்பு. ஆனால் அதை எழுதி ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரையும் திருப்திப்படுத்தி வெளிவந்த வரையறையில் முந்நூற்று நாற்பது புலங்கள், அதாவது தகவல் நிரப்பும் இடங்கள், இருந்தன. கட்டாயமானவை இரண்டே இரண்டு.

முகவரி மாற்றும் சேவை ஒருவழியாக ஓடத் தொடங்கியது. அது நான்கு இடங்களிலும் வரிசையாக எழுதும். மூன்றாவது இடத்தில் தவறினால் முதல் இரண்டில் புது முகவரி, மற்ற இரண்டில் பழையது. இதைச் சரிசெய்ய இரவில் ஓடும் ஒரு நிரல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கில் எது சரி என்று யாரைக் கேட்டாலும் தெளிவான விடையில்லை. ஆகவே கடைசியாக எங்கே தொடப்பட்டதோ அதுவே சரி என்று எழுதினேன். வசூல் மென்பொருளோ வட்டி, அபராதம் கணக்கிடுவதற்காக ஒவ்வொரு நள்ளிரவும் எல்லாப் பதிவுகளையும் தொட்டுவிட்டுப் போகும். ஆக, கடைசியாகத் தொட்டவர் என்ற பெருமை நாள்தோறும் அதற்கே கிடைத்தது. அதில் பதியத் தவறிய முகவரி மாற்றங்கள் பொழுது விடிவதற்குள் மற்ற மூன்றிலும் பழையபடி திரும்பின. பதினொரு நாட்கள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். தவறு என்னுடைய நிரலில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எது சரி என்று ஒரு நிறுவனம் சொல்ல மறுத்ததை ஒரு நிரலாளன் இரவில் உட்கார்ந்து தீர்மானிக்க நேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

பஸ் அணியின் நிலை அதைவிடப் பரிதாபம். எந்தப் பிரிவுக்கு எந்தச் சிறு மாற்றம் வேண்டுமானாலும் அவர்கள் வழியாகத்தான் போகவேண்டும்; ஆறு வாரக் காத்திருப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதைப் போல, கேட்பவரும் திட்டினார், கொடுப்பவரும் திட்டினார்.

இப்போதைய இளைஞர்கள் பஸ்ஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 2014-இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் மைக்ரோசர்வீஸ், அதாவது சிறு சேவைகள் பற்றி எழுதிய கட்டுரை செய்தியைக் கடத்தும் நடுக்குழாயை மந்தமாக வைத்து முனைகளில் உள்ள சேவைகளைக் கெட்டிக்காரத்தனமாக வையுங்கள் என்றது, சரியான அறிவுரை. அதே கட்டுரை ஒவ்வொரு சேவையும் தன் தரவைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. நான் பார்க்கும் பல இடங்களில் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் நிலத்தை நான்காகப் பிரித்துவிட்டுக் கிணறு மட்டும் பொது, முறைவைத்து இறைத்துக்கொள்வது என்று எழுதுவார்கள். அண்ணன் தம்பிகளுக்கு இடையிலான வழக்குகளில் பாதி அந்த ஒரு வரியிலிருந்து வந்தவை. முப்பத்தெட்டுச் சேவைகளும் ஒரே தரவுத்தளத்தில் கைவிட்டுக்கொண்டிருந்தால், ஓர் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றுவதற்குள் முப்பத்தெட்டுப் பேரைக் கேட்கவேண்டும். பிரித்ததன் பயன் என்ன?

அமேசான் கதையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2002 வாக்கில் ஜெஃப் பெசோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார் என்று, அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெக்கி 2011-இல் தவறுதலாகப் பொதுவெளியில் பதிந்துவிட்ட ஒரு நீண்ட குறிப்பில் நினைவுகூர்ந்தார். ஒவ்வோர் அணியும் தன் தரவையும் வேலையையும் சேவை வழியாக மட்டுமே தரவேண்டும். இன்னோர் அணியின் தரவுத்தளத்தை நேராகப் படிக்கக்கூடாது. பின்புறக் கதவு எதுவும் கூடாது. மீறினால் வேலை போகும். எந்தத் தொழில்நுட்பம் என்பது பற்றி அந்த ஆணையில் இருந்தது, எதுவானாலும் கவலையில்லை என்ற ஒரு வரிதான். மற்ற நிறுவனங்கள் செய்தது இதற்கு நேரெதிர்: தொழில்நுட்பத்தைப் பற்றி நூற்றைம்பது பக்க ஆவணம், பின்புறக் கதவைப் பற்றி மௌனம். யெக்கியின் குறிப்பில் எனக்கு அதைவிடப் பயன்பட்டவை அவர் சொன்ன பின்விளைவுகள். ஒரு பழுதுப் புகார் உண்மையான பொறுப்பாளரைச் சென்றடைவதற்குள் இருபது சேவைகளைத் தாண்டிப் போகலாம். பக்கத்து அணியே தன்னையறியாமல் உங்கள் சேவையை அழைத்து அழைத்து முடக்கிவிடலாம். பிரிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் படிக்கவேண்டிய பகுதி அது.

கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒரே நிரலுக்குள் ஒரு செயற்கூற்றை அழைப்பது நானோவிநாடிகளில் முடியும். அதே தரவுமையத்துக்குள் வலைவழியாக அழைத்து விடைபெற ஏறக்குறைய அரை மில்லிவிநாடி. பல்லாயிரம் மடங்கு. நம்பகத்தன்மையிலும் இதே கதைதான். ஒவ்வொரு சேவையும் 99.9 விழுக்காடு நேரம் இயங்கினால், முப்பது நாள் மாதத்தில் அதற்கு 43 நிமிடம் முடக்கம். பத்துச் சேவைகள் ஒன்றையொன்று நம்பித் தொடராக நின்றால், மொத்தம் 99 விழுக்காடாகக் குறைந்து, முடக்கம் ஏழு மணி நேரத்துக்கு மேல் போகிறது. எவரும் தவறு செய்யாமலேயே இந்த நட்டம். அமேசானின் பிரைம் வீடியோவிலேயே ஒளிபரப்புத் தரத்தைக் கண்காணிக்கும் ஒரு மென்பொருளைச் சிறு சிறு கூறுகளாக வைத்திருந்து, பின்னர் ஒரே நிரலாகச் சேர்த்ததில் செலவு 90 விழுக்காடு குறைந்தது என்று அவர்களே 2023-இல் எழுதினார்கள். உடனே, சேவைகளின் காலம் முடிந்தது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இது புதிதன்று; 2009 ஜனவரியிலேயே பர்ட்டன் குழு என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆன் தாமஸ் மேன்ஸ் இந்தக் கட்டமைப்புக்கு இரங்கல் குறிப்பே எழுதியிருந்தார். அவரும் பெயர் செத்துவிட்டது, தேவை சாகவில்லை என்றுதான் சொன்னார். ஒரே அணியின் கையில் இருந்த ஒரு மென்பொருளை அந்த அணி சேர்த்துக்கொண்டதில் யாருடைய உரிமையும் மாறவில்லை என்பதால், பிரைம் வீடியோ கதை என் கட்சிக்கு எதிரானதாக எனக்குத் தோன்றவில்லை.

நடுவில் ஒரு பஸ் இருந்தாலே கேடு என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். 2016-இல் வந்த யுபிஐயை நாளெல்லாம் பயன்படுத்துகிறோம். எல்லா வங்கிகளுக்கும் நடுவே, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் ஒரே மையம். வடிவத்தில் அது பழைய பஸ் படத்துக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் கணக்கில் எவ்வளவு இருப்பு என்பது வங்கியுடையது, மையத்துடையதன்று என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அனுப்பியவர் கணக்கில் பணம் கழிந்து பெறுபவர் கணக்கில் ஏறாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதும் நிரலாளரின் நள்ளிரவு யூகத்துக்கு விடப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி அடுத்த நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும். தரவுத்தளத்தில் நீண்ட நேரம் ஓடும் பரிவர்த்தனையைச் சிறு பரிவர்த்தனைகளாகப் பிரித்து, பாதியில் தவறினால் ஈடுசெய்யும் செயல்களால் பின்வாங்கலாம் என்று ஹெக்டர் கார்சியா மொலினாவும் கெனத் சேலமும் 1987-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையை எங்கள் துறையில் பக்தியோடு குறிப்பிடுவார்கள். அந்தப் பின்வாங்கலுக்குக் காலக்கெடுவும் தண்டமும் விதித்து, யார் பொறுப்பு என்று பெயரிட்டதால்தான் அது கடைத்தெருவில் வேலை செய்கிறது. சேவை ஒப்பந்தம் என்ற சொல்லை நாங்கள் செய்தியின் வடிவத்தோடு நிறுத்திவிடுகிறோம். தவறினால் யார் தருவது என்பதும் அந்த ஒப்பந்தத்துக்குள் இருக்கவேண்டும்.

எங்கள் கூட்டத்துக்குத் திரும்பினால், அதன் பிறகு மூன்று வாரங்களாக எவரும் நிரல் எழுதவில்லை. தரவுத்தளத்தில் உள்ள அட்டவணைகளை எல்லாம் ஒரு விரிதாளில் எழுதி, எதிரே ஒரே ஒரு பிரிவின் பெயரை எழுதச் சொன்னோம். இரண்டு பெயர் எழுதினால் காலியாகவே கருதப்படும் என்பது விதி. பாதிக்கு மேல் காலியாகத் திரும்பி வந்தது. மாதத் தவணை ரசீதுகள் மட்டும் எவரும் சண்டையிடாமல் வசூல் கணக்குப் பிரிவுக்குப் போயின. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தவணைகள் மொத்தமாக வந்து குவியும்போது முழு மென்பொருளும் திணறுவதற்குக் காரணமும் அதுதான். ஆகவே முப்பத்தெட்டில் அந்த ஒன்றை மட்டும் பிரிப்பதற்கு நான் கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றவை பழைய நிரலிலேயே இருக்கும், முகவரி உட்பட. கேஒய்சி முகவரி, வசூல் முகவரி என்று இரண்டு வெவ்வேறு பொருள்களாகப் பெயர்வைத்துவிட்டால் இருவருமே உரிமை கோரலாமே என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். 2007-இல் அந்தக் குழுவில் எட்டு மாதங்களாக யாரும் சொல்லத் துணியாதது அது. அடுத்த கூட்டத்தில் அவரையே பேசச் சொல்லியிருக்கிறேன்.