கதவை எங்கே வைப்பாய்?

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அவர் டீச்சர் வேலை பார்த்த வருஷங்களை இரண்டே வரியில் தாண்டிவிடுகிறார்கள். பிழைப்புக்காக டெக்ஸஸில் கொஞ்ச நாள் பாடம் எடுத்தார், அப்புறம் நியூயார்க் போய்ப் பெரிய ஓவியரானார். மும்பையில் இருபது வருஷமாக டிராயிங் டீச்சராக இருக்கும் எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. என்னைக் கேட்டால், அவர் ஓவியரானதே அந்த வகுப்பறை வருஷங்களில்தான்.

1912-லிருந்து இரண்டு வருஷம் டெக்ஸஸின் அமரில்லோ ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓவியப் பாடநூல் வாங்கச் சொல்லி நிர்வாகம் நெருக்கியபோது மறுத்துவிட்டார். ஒரு சதுரம் போடு, அதற்குள் எங்கேயாவது ஒரு கதவை வை. இதுதான் அவர் பாடம் தொடங்கும் விதம். கதவு கொஞ்சம் நகர்ந்தால் மீதி இடம் முழுக்க மாறிவிடும். ஆர்தர் வெஸ்லி டவ் என்ற ஓவிய ஆசிரியர் காட்டிய வழி அது.

தாராவிப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தேன். தாளைக் கொடுத்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை என்று மடமடவென வரைகிறவர்கள். சதுரமும் கதவும் என்றதும் எல்லோர் கையும் நின்றுவிட்டது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதவை மேல் மூலையில் கொண்டுபோய் வைத்தாள். "ஏம்மா அவ்வளவு உயரத்துல?" என்றேன். "எங்க வீடு மேல இருக்கு டீச்சர், ஏணியில ஏறித்தான் போகணும்" என்றாள். கதவிலிருந்து தாளின் அடிவரை இரும்பு ஏணி. அவள் அதுவரை தன் வீட்டை வரைந்ததே இல்லை.

சரி, டெக்ஸஸிலேயே இருக்கும் கேன்யன் என்ற ஊருக்கு வருகிறேன். 1916-இல், 28 வயதில், அந்தச் சின்ன ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஓ'கீஃப் வந்தார். சுற்றிலும் வெட்டவெளி. பக்கத்தில் பாலோ டுரோ பள்ளத்தாக்கு. வகுப்பு முடிந்ததும் தங்கை கிளாடியாவோடு நடக்கப் போவார். அந்த நடையில் கண்ட அந்தி நட்சத்திரத்தை 1917-இல் நீர்வண்ணத்தில் திரும்பத் திரும்ப வரைந்தார். சமவெளியில் விடிகிற வெளிச்சத்தை வரைந்ததும் அதே வருஷம். காலியான இடத்தை எப்படிப் பிரிப்பது என்று தினமும் பிள்ளைகளிடம் பேசிய வாய், சாயங்காலம் அந்த வெளியின் முன் நின்றபோது கைக்கு அதையே சொல்லியிருக்காதா?

அந்த 1917 ஏப்ரலில் நியூயார்க்கில், புகைப்படக் கலைஞரும் கலைக்கூடம் நடத்தியவருமான ஸ்டீக்லிட்ஸ் அவருடைய முதல் தனிக் கண்காட்சியை வைத்தார். ஓ'கீஃப் அங்கே போய்ச் சேர்ந்தபோது படங்களைக் கழற்றியாகிவிட்டது. அவருக்காக ஸ்டீக்லிட்ஸ் அவற்றை மறுபடியும் மாட்டிக் காட்டினார். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

என் டிராயிங் பீரியட் பாதி கணக்குக்குப் போய்விடுகிறது. பெற்றோர் கேட்பது எலிமென்டரி, இன்டர்மீடியட் என்ற அரசு டிராயிங் பரீட்சைகளின் கிரேடு மட்டும். பரீட்சை இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு பீரியடாவது பிள்ளைகளுக்கே விடுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

1916-இல் அவர் இரவு ரயில் ஒன்றையும் வரைந்திருக்கிறார். இருட்டு வெளியில் ஒரு விளக்கு, சுருள் சுருளாய்ப் புகை. அடுத்த வாரம் அதை வகுப்பில் காட்டப் போகிறேன். தாராவியை ஒட்டிய சயான் ஸ்டேஷன் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகள். அவர்களுக்குத் தெரியாத ரயிலா!