வியாழக்கிழமை வரும் போன்

சீரியல் பார்த்துவிட்டு "டைரக்டருக்கு மூளை இருக்கா" என்று திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாதி நேரம் அது டைரக்டர் நினைத்த கதையே இல்லை. பாம்பன், மண்டபம், தனுஷ்கோடி பக்கம் ஷூட்டிங்குக்கு வள்ளம், வண்டி, ஆள் ஏற்பாடு செய்து கொடுப்பவன் நான். கிட்ட நின்று பார்த்ததுதான் இது.

எந்த சீரியலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கிடும் பார்க் (BARC) ரேட்டிங் வியாழக்கிழமை வரும். சனி முதல் வெள்ளி வரை முடிந்துபோன வாரத்தின் கணக்கு. பாயிண்ட் கொஞ்சம் இறங்கினால் போதும், சேனலில் இருந்து போன் வந்துவிடும். ட்ராக்கை மாற்று, அந்தக் கேரக்டரைக் குறை, மாமியாரை உடனே ராமேஸ்வரத்துக்கு வரவழை. கையில் இருக்கிற சீன் பேப்பர் குப்பைக்கு. புதுசு வாட்ஸ்அப்பில் வரும்வரை யூனிட் மொத்தமும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பேட்டா மட்டும் ஓடும்.

ஒரு தடவை பாம்பன் பக்கம் குந்துகாலில் கருவாடு காயப்போடும் காட்சி. கதாநாயகி மீனவர் வீட்டுப் பெண், சாயம் போன நூல் சேலை, முழங்கை வரைக்கும் நிஜ உப்பு. நன்றாகவே வந்திருந்தது. பார்த்த சேனல்காரர்கள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கருவாடு வேண்டாம், சேலை பளிச்சென்று இருக்கட்டும் என்றுவிட்டார்கள். மறுநாள் அதே பெண் ஜரிகைச் சேலையில் காலி அன்னக்கூடையைச் சுமந்து நடந்தார். வேடிக்கை பார்த்த எங்க ஊர் அக்கா ஒருத்தர், "ஏம்மா, ஏவாரத்துக்குப் போறியா, கல்யாண வீட்டுக்குப் போறியா?" என்று கேட்க, கேமராமேனே சிரித்துவிட்டார்.

சென்னை செட் என்றால் லைட் போட்டு ராத்திரியில் எடுத்துச் சமாளிக்கலாம். இங்கே இருட்டினால் தனுஷ்கோடியில் நிற்கவே விடமாட்டார்கள். ஐப்பசியில் பெண்கடல் (பாக் நீரிணைப் பக்கத்துக் கடல்) குளம் மாதிரி கிடக்கிறதே என்று பாதிக் காட்சியை எடுத்து, போன் வந்ததால் நிறுத்தி, மீதியை அடுத்த வாரம் எடுக்கப் போனால் வாடைக்காற்று கிளம்பியிருக்கும். கண்டினியூட்டி போச்சு, வசனமும் காற்றில் போச்சு. விசைப்படகுக் காட்சி தள்ளிப்போய் ஏப்ரல் 15-ஐத் தாண்டினால் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கதையில் வருகிற அப்பா அதுவரை கரையில் வலை பின்னிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதற்கிடையில் முன்கூட்டியே எடுத்துச் சேர்த்து வைத்த பேங்க் எபிசோடு கரைந்து, இன்றைக்கு எடுத்ததை நாளைக்கு ஒளிபரப்புகிற நிலைமை வரும். அப்போது லைட்டிங்காவது, ரீடேக்காவது!

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. 2002-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனல் 'ஃபயர்ஃப்ளை' தொடருக்காக எடுத்த முதல் எபிசோடை, முதலில் போடாமல் டிசம்பரில் கடைசியாகப் போட்டது. எடுத்த 14-ல் 11 தான் அப்போது ஒளிபரப்பானது.

சேனல் சொல்வதெல்லாம் தப்பு என்று சொல்லமாட்டேன். பணம் அவர்களுடையது, இழுவைக் காட்சியை வெட்டச் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதை ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், பேசும்போதே சொல்லுங்கள் என்பதுதான் என் சண்டை. யூனிட் சென்னையிலிருந்து கிளம்பிப் பரமக்குடி தாண்டிய பிறகு மாற்றம் வேண்டுமா, சரி, கூடுதல் நாளின் செலவு சேனலுடையது என்று அக்ரிமென்டில் எழுதட்டும். தொழிலுக்குப் போகாமல் நமக்காக வள்ளத்தை நிறுத்தி வைத்தவருக்கான அன்றைய கூலியும் அதில் சேரட்டும். இப்போது அதை நான்தான் கெஞ்சி வாங்கிக் கொடுக்கிறேன்.