மருந்து இறங்கும் நேரம்
ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு உள்ளவர்களின் கட்டுக்கடங்காத கோபத்தையும் மெத்தில்பெனிடேட் மாத்திரை தணிக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் கவனச்சிதறலில் காட்டும் வேகத்தை அது கோபத்தில் காட்டுவதில்லை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். காலையில் மகன் விழுங்கும் சாதாரண ரிட்டலின் (மெத்தில்பெனிடேட்டின் வணிகப் பெயர்) ஏறக்குறைய 4 மணி நேரம்தான் தாங்கும். பள்ளி விட்டு வருவதற்குள் அதன் வேகம் இறங்கிவிடும். பென்சில் முனை உடைந்ததற்காக நோட்டுப் புத்தகத்தைக் கிழிப்பான். பிறகு கிழித்ததையே ஒட்டவைத்தபடி அழுவான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனாம், மாமியார் தீர்ப்பு. (அவர் மகனும் சிறுவயதில் இப்படித்தானாம்!) கோபம் வரும் நேரத்தை இரண்டு வாரம் குறித்துக் காட்டிய பிறகு, நீண்ட நேரம் வேலைசெய்யும் வகைக்கு மருத்துவர் மாற்றினார். நோட்டு பிழைத்தது, மத்தியானச் சோறுதான் தட்டிலேயே காய்கிறது. பசி குறைவதைப் பற்றியும் கட்டுரையாளர் நாலு வரி எழுதியிருக்கலாம்.