ஏழு நாள், ஆறு காடு

(மேஜையில் விரித்த கென்யா வரைபடம் நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கிறது. பாபு கையில் போன், அத்தை கையில் சிவப்புப் பேனா.)

பாபு: அத்தை, ஏழு நாள்ல ஆறு காடு. அம்போசெலி, சாவோ, நைவாஷா, நகுரு, சம்புரு, மாசாய் மாரா. நவக்கிரகக் கோயில் மாதிரி ஒரே சுத்து.

அத்தை: கும்பகோணத்துல ரூம் போட்டு ஒன்பதையும் பாத்துடலாம்டா. இங்க அம்போசெலி தெக்கு ஓரம், சம்புரு வடக்க. சிங்கம் பாக்கப் போறியா, ரோடு அளக்கப் போறியா? (சம்புருவைப் பேனாவால் அடித்துவிடுகிறார்.)

பாபு: அங்க வரிக்குதிரைக்குக் கோடு மெல்லிசா இருக்குமாம்!

அத்தை: கிரேவி வரிக்குதிரை.

பாபு: கிரேவியா?

அத்தை: சோத்துலயே இரு. அது பழைய பிரான்ஸ் ஜனாதிபதி ஒருத்தர் பேரு. சாவோவும் வேண்டாம். யானை செம்மண்ணுல புரண்டு செவப்பா நிக்கும், அழகுதான். ஆனா ஒரே புதர், தேடியே பொழுது போயிடும். அம்போசெலி 392 சதுர கிலோமீட்டர்தான். சதுப்புல யானை கூட்டம் கூட்டமா எறங்கும். ரெண்டு ராத்திரி. கிளிமஞ்சாரோ மலை தெரியணும்னா விடியக்காலம் எந்திரிக்கணும். நீ எந்திரிக்கிற நேரத்துக்கு மேகம் மூடிடும்.

பாபு: நகுரு ஏரில பூநாரை?

அத்தை: அது பழைய போட்டோ. ஏரித்தண்ணி ஏறி உப்பு கொறஞ்சுது, அது தின்ற பாசியும் கொறஞ்சுது. கூட்டம் பெரும்பாலும் பொகோரியா ஏரிப் பக்கம் போயிடுச்சு. நகுரு காண்டாமிருகத்துக்கு. சுத்தி வேலி, எங்க ஓடும்? ஒரு ராத்திரி. நைவாஷாவ விட்டுடு. அம்போசெலிலேருந்து நைரோபி வழியா அங்க போகவே ஒரு பகல் பூரா ஆயிடும்.

பாபு: அப்ப மாரா மூணு ராத்திரி. ஐயய்யோ! ஜூன் வரைக்கும் ஆளுக்கு ஒரு நாள் டிக்கெட் 100 டாலர், ஜூலைலேருந்து 200! மே மாசமே போயிடலாம் அத்தை.

அத்தை: மே மாசம் மழை. மாரா கரிசல் மண்ணு. கோவில்பட்டில மழைக்குள்ள சைக்கிள் ஓட்டி, மட்கார்டுல மண்ணு அப்பி, தோள்ல தூக்கிட்டு வந்தியே. அந்த சைக்கிளுக்குப் பதிலா வேன்னு நெனச்சுக்க. அப்ப வில்டபீஸ்ட்னு மாடு மாதிரி இருக்கிற மான் கூட்டமும் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியா செரங்கெட்டில நிக்கும். ஆகஸ்ட்தான்.

பாபு: ஆகஸ்ட்ல அதுங்க மாரா ஆத்தைக் கடக்கும்ல?

அத்தை: கடக்கும், நீ வந்திருக்கேன்னு இல்ல. கரையில ஆயிரம் நிக்கும். முன்னால ஒண்ணு தண்ணில கால வைக்கும், எடுக்கும். அம்புட்டும் திரும்பி ஓடும். அதான் மூணு ராத்திரி.

பாபு: வண்டிய காட்டுக்குள்ள எறக்கி கிட்டப் போலாமா?

அத்தை: மாரா ரிசர்வுக்குள்ள பாதைய விட்டு எறங்கக் கூடாது. ஒட்டியிருக்கிற கன்சர்வன்சில, அதான் ஊர்க்காரங்க நெலத்துல இருக்கிற காட்டுல, எறங்கலாம், ராத்திரியும் சுத்தலாம். காசு கூட. ஆங், மஞ்சக் காய்ச்சல் ஊசி! கெளம்ப பத்து நாளைக்கு முந்தியே போட்டுடு. ஊசி போட்ட அட்டை இல்லாம திரும்பினா நம்ம ஏர்போர்ட்லயே ஆறு நாள் தனியா வச்சுடுவாங்க.

பாபு: சரி, மாராவுக்குக் குட்டி பிளேன். நைரோபிலேருந்து முக்கால் மணி. ரோட்டுல அஞ்சாறு மணி நேரம்.

அத்தை: ரோடு.

பாபு: உங்க முதுகுவலி?

அத்தை: ரோடுன்னேன். பிளேன்ல கைப்பையும் சேத்து 15 கிலோதான்.

பாபு: நம்ம துணிமணி எட்டு கிலோ வராதே?

(அத்தை வரைபடத்தை மடிக்கிறார். அடியில் நாலு எவர்சில்வர் டப்பா.)

பாபு: இது என்ன?

அத்தை: புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நார்த்தங்காய், மாவடு.

பாபு: பிளாஸ்டிக் கவர்ல கட்டினா கனம் கொறையுமே!

அத்தை: கென்யாவுல அது 2017லயே தடைடா. சட்டத்த மீறச் சொல்றியா?