குப்பைமேட்டு மேயரும் சியாட்டில் பிள்ளைகளும்

அமெரிக்காவின் சியாட்டிலில் ஐம்பத்தைந்து, அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது ஜே.பி. பேட்சஸ் என்று சொல்லிப் பாருங்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் அந்த நொடியே முகம் மலர்ந்துவிடும். வேலைக்காக இங்கே குடியேறிய எனக்கு அந்தப் பெயரை முதலில் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, கிடைத்த பழைய ஒளிப்பதிவுகளை எல்லாம் தேடிப் பார்த்தேன். உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு உள்ளூர்க் குழந்தைகள் மீது ஒரு கடமை உண்டு என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் உறுதிப்பட்டது.

ஜே.பி. பேட்சஸ் உள்ளூர்த் தொலைக்காட்சியின் குழந்தைகள் நிகழ்ச்சியில் வந்த ஒரு கோமாளி. சிவப்பு மூக்கு, சாயம் பூசிய முகம், ஒட்டுப்போட்ட கோட்டு. ஊர்க் குப்பைமேட்டில் ஒரு குடிசை, அந்தக் குப்பைமேட்டுக்கு அவரே மேயர். வேடம் கட்டியவர் கிறிஸ் வீடஸ். 1958 பிப்ரவரியில் சியாட்டிலின் கைரோ தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோதே வந்தவர், 1981 செப்டம்பர் வரை இருந்தார். பல ஆண்டுகள் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. எல்லாம் நேரடி ஒளிபரப்பு, எழுதி வைத்த வசனம் கிடையாது. பாப் நியூமன் என்ற நடிகர் பெண் வேடத்தில் கெர்ட்ரூடாக வருவார், வில்லனாக வருவார், இன்னும் பல வேடங்களில் வருவார். இருவரும் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே போவார்கள். கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சிரிப்பதும் கேட்கும்.

அவரிடம் ஒரு மாயப் பெட்டி இருந்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போல அட்டையில் செய்த வெறும் சட்டம், அவ்வளவுதான். அதன் வழியாக அவர் கேமராவைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே, இன்று பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகளின் பெயரைச் சொல்வார். பெயரோடு விட மாட்டார். உன் பரிசு எங்கே இருக்கிறது தெரியுமா, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போய்ப் பார் என்பார். எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் அப்படித்தான் சமையலறையைத் தாண்டி ஓடி, இயந்திரத்தின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த ரோலர் ஸ்கேட்டை எடுத்தாராம். அம்மா முன்கூட்டியே தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் போட்டிருந்தது பல வருடங்கள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. பெட்டிக்குள் இருக்கும் மனிதருக்குத் தன்னைத் தெரியும், தன் வீடு தெரியும் என்று அந்தக் குழந்தை நம்பியிருக்கிறது. சென்னை வானொலியில் ‘வானொலி அண்ணா’வின் குரலுக்குக் காத்திருந்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த உறவை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. கிங் தொலைக்காட்சியில் அக்கார்டியனும் கையுமாக ஸ்டான் போர்சன், கூடவே இடத்தை விட்டு அசையாத ஒரு பாசெட் நாய். கோமோ தொலைக்காட்சியில் கேப்டன் பியூஜெட். பக்கத்து ஊரான டகோமாவிலிருந்து பிரேக்மேன் பில். கவனித்துப் பாருங்கள்: ஒருவர் இங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் வேடிக்கைப் பாட்டுகளைப் பாடுகிறவர், ஒருவர் இந்தக் கடற்பகுதியின் கப்பல் தலைவர், ஒருவர் ரயில்காரர். இந்த மண்ணின் தொழில்களும் குடிகளும் அப்படியே வேடம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் முன் வந்து நின்றன. சிகாகோவுக்கு போசோ என்ற கோமாளி, ஃபீனிக்ஸுக்கு 1954 முதல் 1989 வரை வாலஸும் லாட்மோவும் என்று மற்ற ஊர்களுக்கும் அவரவர் ஆட்கள் இருந்தார்கள்.

இவர்கள் ஏன் போனார்கள்? பிள்ளைகளுக்கு அலுத்துப்போய்விட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் காலத்துத் தொகுப்பாளர்கள் நிகழ்ச்சிக்கு நடுவே தாங்களே ரொட்டியும் பாலும் பொம்மையும் விற்றார்கள். தன் அன்புக்குரிய மனிதர் வாங்கு என்றால் ஐந்து வயதுப் பிள்ளை வாங்கித் தரச் சொல்லி அழத்தானே செய்யும்? 1968-இல் பாஸ்டன் பகுதித் தாய்மார்கள் சிலர் சேர்ந்து இதற்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1970-களின் முற்பகுதியில் தொகுப்பாளரே விளம்பரம் செய்வதற்குத் தடை வந்தது. அந்தத் தாய்மார்கள் செய்தது முழுக்க முழுக்கச் சரி. குழந்தையின் நம்பிக்கையைக் காசாக்கக் கூடாது. ஆனால் விளம்பர வருமானம் குறைந்ததும் பல நிலையங்கள் என்ன செய்தன? வெளியிலிருந்து மலிவாகக் கிடைத்த கார்ட்டூன்களை வாங்கிப் போட்டுவிட்டு, உள்ளூர் மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. தாய்மார்கள் விளம்பரத்தைத்தான் நிறுத்தச் சொன்னார்கள், மனிதரை அல்ல. இதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

பழசு என்றாலே இனிக்கும் என்று சிலர் சொல்லலாம். வெறும் இனிப்பு என்றால், நிகழ்ச்சி நின்று 27 ஆண்டுகள் கழித்து, 2008-இல், ஃபிரீமாண்ட் பகுதியில் ஜே.பி.க்கும் கெர்ட்ரூடுக்கும் வெண்கலச் சிலை எழுந்திருக்குமா? வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவரும் இல்லை வீடஸ். குழந்தைகள் மருத்துவமனைக்கு அதே வேடத்தில் போய் நோயாளிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். உடலில் புற்றுநோயோடு 2011 வரை மேடையேறினார். 2012 ஜூலையில் அவர் காலமானபோது ஊரே துக்கம் கொண்டாடியது. பத்தாயிரம் மணி நேரத்துக்கும் மேல் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். நாடாக்களை அழித்து அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள்.

இன்று என் மகள் கைப்பேசியில் பார்க்கும் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பேசுகிறவர்கள் திறமைசாலிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் இன்று மழையா வெயிலா என்பது அவர்களுக்குத் தெரியாது. கடையிலோ நூலகத்திலோ அவள் அவர்களை எதிர்ப்படப் போவதும் இல்லை.

அமெரிக்கச் சட்டம் இன்னமும் குழந்தைகளுக்குப் பயனுள்ள நிகழ்ச்சியை ஒளிபரப்பும் பொறுப்பைத் தொலைக்காட்சி நிலையங்களின் மேல்தான் வைத்திருக்கிறது. வாரத்துக்குச் சராசரியாக மூன்று மணி நேரம் என்ற அளவு 1996-இல் வந்தது. 2019-இல் விதிகளைத் தளர்த்தியபோதும் ஆண்டுக்கு 156 மணி நேரம் என்று வைத்தார்கள். வெளியிலிருந்து வாங்கிப் போட்டே அந்தக் கணக்கை நிரப்பிவிட முடிகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் அரை மணி நேரத்தையாவது உள்ளூர்ப் பள்ளி ஆசிரியருக்கோ, நூலகத்தில் கதை சொல்கிறவருக்கோ, பொம்மலாட்டக்காரருக்கோ கொடுங்கள் என்று இங்குள்ள நிலையங்களுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் தமிழ் நண்பர்கள் யாராவது சேர்ந்து கையெழுத்திட விரும்பினால் உள்பெட்டிக்கு வாருங்கள். கடிதத்தை அனுப்பி வைக்கிறேன்.