டாட் இன் என்று முடிந்தால் அரசாங்கமா?

“லிங்க்கைத் தொடும் முன் முகவரியைச் சரிபாருங்கள்” என்று என் வங்கி ஓயாமல் எஸ்எம்எஸ் அனுப்புகிறது. சரி. ஆனால் கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி அதே வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் ஒரு சுருக்கு லிங்க். அதில் வங்கியின் பெயரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எதை வைத்துச் சரிபார்க்க?

பார் பார் என்கிறார்களே தவிர, எங்கே பார்ப்பது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. தொடக்கத்தில் உள்ள ‘https://’-ஐ விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை போய், அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருகிற மாதிரி, இங்கேயும் ஆள் யார் என்பது கடைசியில்தான் தெரியும். அம்மாவுக்கு வந்த டிராஃபிக் அபராத மெசேஜில் அரசின் போக்குவரத்துத் தளமான ‘பரிவாகன் டாட் கவ் டாட் இன்’ (gov.in) என்று அழகாக இருந்தது. அதை ஒட்டி ஒரு சின்னக் கோடு, அப்புறம் ‘செலான் டாட் எக்ஸ்ஒய்இசட்’. “கவ் டாட் இன்னுதானேடா போட்டிருக்கு?” என்கிறார் அம்மா. போட்டிருக்கிறதுதான். ஆனால் எவனோ காசு கொடுத்து வாங்கிய பெயர் ‘இன்-செலான் டாட் எக்ஸ்ஒய்இசட்’. அதற்கு முன்னால் அவன் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், பிரதமர் அலுவலகம் என்றுகூட!

டாட் இன் என்றாலே அரசாங்கம் என்று நம்புகிறவர்கள் இன்னும் ஏராளம். 2005 முதல் அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அரசுக்கென்று ஒதுக்கியிருப்பது கவ் டாட் இன். பாஸ்போர்ட்டுக்குப் போலித் தளம் நடத்தியவர்கள் டாட் இன், டாட் காம், டாட் ஓஆர்ஜி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வெளியுறவு அமைச்சகமே பட்டியல் போட்டு எச்சரித்தது.

சரி, “கவ் டாட் இன் இல்லையென்றால் தொடாதே” என்று வீட்டில் ஒரே வரியில் சொல்லிவிடலாமா? எங்கே! ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி இருப்பது கோ டாட் இன்னில். தமிழ்நாட்டில் கரண்ட் பில் கட்டுவது டாட் ஓஆர்ஜியில். “இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்” என்று மோசடி மெசேஜ் ஊரெல்லாம் சுற்றும்போது, அசல் தளமே இப்படி இருந்தால் வயதானவர்கள் எதை வைத்து நம்புவார்கள், எதை வைத்துச் சந்தேகப்படுவார்கள்?

இந்த லட்சணத்தில், 2023-இல் கூகுள் டாட் ஜிப் என்று முடியும் முகவரிகளை விற்பனைக்கு விட்டது. சுருக்கிக் கட்டிய ஃபைல்களின் பெயரும் டாட் ஜிப் என்றுதான் முடியும். இனி ஜிப் என்பது ஃபைலா, இணைய முகவரியா? இனி அதையும் அம்மாவுக்கு நான்தான் விளக்க வேண்டும்.

வங்கிகளுக்கு மட்டும் ஒருவழியாக விடிந்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் பேங்க் டாட் இன்னுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வங்கியாக இல்லாத யாருக்கும் அந்தப் பெயர் கிடைக்காது. இதைச் செய்ய இத்தனை வருடமா? அதுவரை பணத்தைப் பறிகொடுத்தவர்களிடம் “நீங்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று கூசாமல் சொன்னார்களே!

மாநில அரசிடம் டிஎன் டாட் கவ் டாட் இன் கையிலேயே இருக்கிறது. கரண்ட் பில்லை அதற்குள் கொண்டுவர இன்னும் யார் உத்தரவு போட வேண்டும்?