பாடம் மாலையில் இருக்கட்டும்

பிறருக்குக் கற்றுக்கொடுத்தால் நம் ஒழுங்கும் கூடும் என்று இன்ட்ராடே செய்பவர்கள், அதாவது பங்கை அன்றே வாங்கி அன்றே விற்பவர்கள், பலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை.

தனியாக இருக்கும்வரை, "சப்போர்ட்டுக்குச் சற்றுக் கீழே ஸ்டாப்லாஸ்" என்று சொல்லிக்கொண்டே காலம் தள்ளலாம். (சப்போர்ட் என்பது விலை இறங்கினால் தாங்கி நிற்கும் என்று எதிர்பார்க்கும் மட்டம்; ஸ்டாப்லாஸ் என்பது அதற்குமேல் நஷ்டப்படாமல் விற்று வெளியேறக் குறித்துவைக்கும் விலை.) நோட்டுடன் உட்கார்ந்திருப்பவர் "சற்று என்றால் எத்தனை ரூபாய்?" என்று கேட்டால் தப்ப முடியாது. ஒரு லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு முறைக்கு ஆயிரம் ரூபாய்தான் இழக்கலாம், ஸ்டாப்லாஸ் ஐந்து ரூபாய் தள்ளி என்றால் 200 பங்குகள், அவ்வளவுதான். இதை வாய்விட்டுச் சொன்னவருக்கு மறுநாள் காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் 500 பங்கு வாங்கக் கை கூசும்.

ஆனால் கூச்சம் நெடுநாள் காக்காது. சிகாகோவின் சந்தை வணிகர் ரிச்சர்ட் டென்னிஸ், இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று 1983-இல் தம் நண்பர் வில்லியம் எக்ஹார்ட்டுடன் பந்தயம் கட்டி, விளம்பரம் மூலம் ஆள் சேர்த்து, இரண்டே வாரத்தில் தம் விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். 'ஆமைகள்' எனப்பட்ட அந்த மாணவர்களில் பலர் பெரும்பணம் ஈட்டினார்கள். டென்னிஸோ பெரும் இழப்புக்குப் பிறகு 1988-இல் தம் நிதிகளை மூடினார். அவர் இன்ட்ராடேக்காரர் அல்லர். கற்பித்ததால் தோற்றார் என்றும் சொல்ல மாட்டேன். கற்பித்தது அவரைக் காப்பாற்றவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான கேடு, சந்தை நடக்கும்போதே எடுக்கும் நேரலை வகுப்பில் இருக்கிறது. "பேங்க் நிஃப்டி (வங்கிப் பங்குகளின் குறியீடு) இன்று ஏறும்" என்று முப்பது பேர் முன்னால் ஆசிரியர் சொல்லியாயிற்று. இனி ஸ்டாப்லாஸ் அடிபட்டால் பணத்தோடு மானமும் போகும். எனவே இன்னும் இருபது புள்ளிகள் பொறுக்கிறார், பிறகு ஆவரேஜ் செய்கிறார், அதாவது இறங்கிய விலையில் மேலும் வாங்குகிறார். தனியாக இருந்திருந்தால் சின்ன நஷ்டத்தோடு எழுந்துபோயிருப்பார். இதைவிட மோசம், ஒன்றுமே செய்யக்கூடாத நாள். கட்டணம் கட்டியவர்கள் காத்திருக்கும்போது "இன்று வேலையில்லை" என்று எந்த ஆசிரியர் சொல்வார்? இல்லாத வாய்ப்பைச் சார்ட்டில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். கட்டண வருமானமே வீட்டை நடத்தத் தொடங்கினால், சந்தை நஷ்டம் வகுப்பின் செலவுக் கணக்கில் சேர்ந்துவிடும், வலிக்காது. வலிக்காத நஷ்டத்துக்கு ஒழுங்கு எதற்கு?

கல்வி என்ற பெயரில் நடத்துபவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைக் காட்டிப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியபோது பலர் முணுமுணுத்தார்கள். முதலீட்டாளரைக் காக்க வந்த விதி அது. என் பார்வையில் ஆசிரியரையும் அதுவே காக்கிறது. பழைய சார்ட்டில் மானம் மாட்டிக்கொள்வதில்லை. சந்தை மூடிய பின் நிதானமாக நடத்தலாம்.

நேரலை இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பார்கள். 2022-23-இல் பங்குச்சந்தை இன்ட்ராடேயில் பத்துக்கு ஏழு தனிநபர்கள் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வே சொல்லும்போது, டிப்ஸுக்காக மட்டும் வரும் கூட்டம் வராமலே இருக்கட்டும்.